ஐம்பத்திரண்டாம் பிரிவும் ஏரியூர் வண்டிகளும்

ஏரியூரிலிருந்து நாகமரைப் பரிசல் துறை நோக்கிச் செல்லும் சாலையில் விடியற்காலையில் எதிர்ப்படும் இருசக்கர வண்டிகளில், ஆலையை விட்டு வெளிவந்த கோலத்திலேயே இருப்பவை சிலவே. பின்னிருக்கை இருந்த இடத்தில் மீனுக்கான ஐஸ் பெட்டி. இருபுறமும் பால் கேன் தொங்குவதற்கென்று பட்டறையில் வளைத்துப் பற்றவைத்த இரும்புச் சட்டம். தண்ணீர்க் குடம் மாட்டக் கொக்கி. துணி மூட்டை சாயாதிருக்க முதுகுப்புறம் எழுப்பிய கம்பித் தடுப்பு. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் இக்கரையில் வாழும் மக்கள், சேலம் மாவட்டத்துப் பண்ணவாடிக்குப் படகேறும்போது வண்டியையும் உடன் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நீரிலும் நிலத்திலும் அவர்களோடு பயணப்படும் அந்த வண்டி இங்கு ஒரு குடும்பத்தின் மாட்டு வண்டி, தள்ளுவண்டி, கடை, சில வேளை ஆம்புலன்ஸ்.

இவ்வண்டிகள் சட்டத்தின் எப்பக்கம் நிற்கின்றன என்பதே நாம் இங்கே எழுப்ப விழையும் கேள்வி. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இன்று சொல்வதன் சாரம் இதுதான்: பதிவுச் சான்றில் கண்டுள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி எந்த உரிமையாளரும் தம் வண்டியை மாற்றலாகாது. அந்தப் பதிவுச் சான்றை (ஊர்வழக்கில் ஆர்.சி. புத்தகம், புத்தகம் அட்டையாகிவிட்ட பின்னும் பெயர் மாறவில்லை) எடுத்துப் பார்த்தால் இருக்கை எண்ணிக்கை இவ்வளவு, சுமையில்லா எடை இவ்வளவு, நிறம் இன்னது என்று பதியப்பட்டிருக்கும். பின்னிருக்கையைக் கழற்றிய கணமே முதல் விவரம் பொய்த்துவிடுகிறது. இரும்புச் சட்டத்தைப் பற்றவைத்தவுடன் இரண்டாவது விவரம் பொய்த்துவிடுகிறது. சொல்லுக்குச் சொல் வாசித்தால் நாகமரைச் சாலையின் பால்காரரும் மீன்காரரும் நாள்தோறும் குற்றத்தின் விளிம்பில் வண்டி ஓட்டுகிறார்கள் என்றாகிறது.

தண்டனையும் சிறியதன்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத முறையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். கழற்றிய இருக்கை ஒன்று, சேர்த்த சட்டம் ஒன்று என எண்ணத் தொடங்கினால் தொகை ஏறிக்கொண்டே போகும். 2025இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்டிருந்த நாள் கூலி 336 ரூபாய். ஒரு மாற்றத்துக்கான அபராதம் ஏறத்தாழப் பதினைந்து நாள் கூலிக்குச் சமம்.

நடைமுறையில் யாரும் பால்காரரைப் பிடிப்பதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், பெரும்பாலும் பிடிப்பதில்லை. ஆனால் பிடிக்கலாம் என்பதே அவர் தலைமேல் தொங்கும் கத்தி. சோதனைச் சாவடியில் நிற்பவரின் மனநிலையைப் பொறுத்து ஒருவருடைய பிழைப்பு அமைவதைச் சட்டத்தின் ஆட்சி என்று நம்மால் அழைக்க இயலவில்லை. விபத்து நேர்ந்தாலோ நிலைமை இன்னும் மோசம். அறிவிக்கப்படாத மாற்றத்தைக் காரணம் காட்டி வண்டியின் சேதத்துக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்க வழியிருக்கிறது. அதுவரை கண்டும் காணாமல் விடப்பட்ட இரும்புச் சட்டம் அன்றைக்குத்தான் எல்லோர் கண்ணிலும் படும்.

இந்தப் பிரிவு எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பது பலர் அறியாத செய்தி. பழைய ஏடுகளைப் புரட்டும் பழக்கம் உள்ள நம் வாசகர்களுக்கு இதன் முந்தைய பாடம் சுவையாக இருக்கும். 1988இல் எழுதப்பட்டபோது 52ஆம் பிரிவு ஒரு வாசலை வைத்திருந்தது. வண்டியை மாற்ற விரும்புபவர் பதிவு அலுவலருக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் ஏழு நாட்களுக்குள் இசைவையோ மறுப்பையோ தபாலில் தெரிவிக்க வேண்டும். ஏழு நாளில் பதில் வராவிட்டால் இசைவு கிடைத்ததாகவே கொள்ளலாம். அரசு அலுவலகத்தின் மௌனம் குடிமகனுக்குச் சாதகமாகக் கொள்ளப்பட்ட அபூர்வமான வாசகம் அது. அதோடு, துணைப் பொருட்களைச் சேர்ப்பதாலோ நீக்குவதாலோ சுமையில்லா எடை 2 சதவீதத்துக்கு மேல் மாறாவிட்டால் இசைவே தேவையில்லை என்றும் இருந்தது. 100 கிலோ வண்டிக்கு இது 2 கிலோ. பால் கேன் சட்டம் அதைவிடக் கனமானதுதான். ஆயினும் கேட்டுப் பெற ஒரு வழி இருந்தது.

2000ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாசலை அடைத்தது. சாலைப் பாதுகாப்பும் சுற்றுச்சூழலும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. கூடுதல் சுமை தாங்கும் டயர்களை மாட்டுவது உட்பட எல்லாவித மாற்றங்களையும் தடுப்பது நோக்கமாயிற்று. டயர் பற்றிய அந்தக் குறிப்பைப் பார்க்கும்போது, எழுதியவர்களின் மனக்கண்முன் நின்றவை அளவுக்கு மீறிப் பாரமேற்றும் லாரிகள்தாம் என்று ஊகிக்கிறோம். லாரிக்கு வீசிய வலையில் மொபெட்டும் சிக்கிக்கொண்டது. வேறு எரிபொருளுக்கு மாற்றும் கருவிப் பெட்டிகளுக்கு மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கப்பட்டது.

பின்னர் கேரளத்திலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. மாநில விதிகளைத் துணைகொண்டு மாற்றங்களுக்கு இடமளித்திருந்த கேரள உயர் நீதிமன்றத்தின் கருத்தை, 2019 ஜனவரியில் நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் அடங்கிய அமர்வு ஏற்க மறுத்தது. மாநில விதி மையச் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டது. உற்பத்தியாளர் எந்த மாதிரியைச் சோதனைக்கு அளித்துச் சான்று பெற்றாரோ அந்த அடிப்படைக் கூறுகளிலிருந்து வண்டி விலகலாகாது என்பது தீர்ப்பின் மையம். வண்ணம் மாற்றுவது போன்றவற்றை முறைப்படி தெரிவித்துச் சான்றில் பதிந்துகொள்ளத் தடையில்லை. தீர்ப்பின் தர்க்கத்தில் நமக்குக் குறை காணத் தோன்றவில்லை. நீதிமன்றம் தன் முன் இருந்த வாசகத்தை வாசித்தது. குறை வாசகத்தில் இருக்கிறது.

இங்கே வண்டிகளின் வரலாற்றையும் சற்று நோக்க வேண்டும். 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது ஓசூர் ஆலையிலிருந்து. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே அது நம் மாவட்டத்துச் சரக்கு என்று உரிமை கொண்டாட ஏரியூர்க்காரருக்கு முழு நியாயம் உண்டு. இருவர் அமர்ந்து செல்லும் மொபெட் என்ற விளம்பரத்தோடு வந்த வண்டியின்மேல் நாட்டுப்புறத்தார் ஏற்றிய பொருட்களைப் பட்டியலிட்டால் அது ஒரு சந்தையின் கணக்காகிவிடும்: வாழைத்தார், மாட்டுத் தீவனம், கோழிக்கூடு, உப்பு மூட்டை, கேஸ் சிலிண்டர். காலப்போக்கில் அதே நிறுவனம் கனரகப் பயன்பாட்டுக்கென்று பெயரிட்ட எக்ஸ்.எல். வகைகளை விற்றது, எக்ஸ்.எல். 100இல் பின்னிருக்கையை எளிதில் கழற்றிவிட்டுச் சுமை வைக்கும்படியே வடிவமைத்தது. பட்டறைக்காரர் செய்ததைப் பார்த்து ஆலை கற்றுக்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் இருக்கையை ஆலை கழற்றத் தந்தால் அது வடிவமைப்பு. பட்டறை கழற்றினால் அது குற்றம்.

இவ்வாறு சொல்வதால், பட்டறையில் பிறந்த எதையும் கைகூப்பி வரவேற்பவர்கள் நாம் என்று யாரும் கருத வேண்டாம். சென்னையின் மீன்பாடி வண்டியை எடுத்துக்கொள்வோம். மிதித்து ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தி, கம்பியும் சிமெண்டும் ஏற்றி, முறையான பிரேக்கும் விளக்கும் பதிவெண்ணும் இல்லாமல் அது நகரத்தெருக்களில் ஓடியது. அதற்கு எதிராக டிராபிக் ராமசாமி பொதுநல வழக்குத் தொடுத்தார், உயர் நீதிமன்றமும் தடை விதித்தது. அவர்மீது பலருக்குக் கோபம். ஏழைகளின் வயிற்றில் அடிக்கிறார் என்ற குற்றச்சாட்டை அவர் 2021இல் மறையும் வரை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பிரேக் பிடிக்காத வண்டி முதலில் மோதுவது நடந்துபோகும் இன்னொரு ஏழையைத்தான் என்பதை அக்குற்றச்சாட்டை வைத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. வடக்கே ஜுகாட் என்றழைக்கப்படும் ஒட்டுவண்டிகளும் மோட்டார் வாகனங்களே, சட்டத்துக்கு உட்படாமல் அவை சாலையில் ஓடலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் ராஜஸ்தான் வழக்கொன்றில் கூறியதும் இதே காரணம் பற்றித்தான்.

மறுபுறம், குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்து விவசாயி மன்சுக்பாய் ஜகானி 1994 வாக்கில் செய்த காரியம் ஒன்றும் உண்டு. வறட்சியில் காளை வாங்க வழியற்ற சிறு உழவர்களுக்காக அவர் புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, இரு சக்கரங்களும் உழுபடையும் கொண்ட இணைப்பைப் பொருத்தினார். புல்லட் சாந்தி என்று பெயர் பெற்ற அக்கருவிக்கு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது. தேசியப் புத்தாக்க நிறுவனம் துணை நின்றது. வயலில் இருக்கும்வரை அது கண்டுபிடிப்பு. வயலிலிருந்து வயலுக்குத் தார்ச்சாலை வழியாகப் போனால் என்னவாகும் என்பதை 52ஆம் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு வாசகரே தீர்மானிக்கலாம்.

இனிச் சைலன்ஸர் கதைக்கு வருவோம். மாற்றியமைத்த மோட்டார் சைக்கிள் என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது இதுதான். நமக்குச் சிறிதும் அனுதாபம் இல்லாத பகுதியும் இதுதான். ஆலையில் பொருத்திய சைலன்ஸரைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே தடுப்பேதும் இல்லாத வெறுங்குழாயை மாட்டிக்கொண்டு நள்ளிரவில் ஊரை எழுப்பிச் செல்வதைத் தனிமனித சுதந்திரம் என்று வாதிடும் நண்பர்கள் நமக்கும் உண்டு. 1996 வரை உற்பத்தியான ஆர்.எக்ஸ். 100இன் ஒலியில் ஒரு தலைமுறையின் இளமை ஒலிக்கிறது என்றும், புல்லட்டின் துடிப்பு ஒரு மரபு என்றும் அவர்கள் உருக்கமாகவே எழுதுவார்கள். ஆனால் அந்த வண்டிகள் ஆலையிலிருந்து எழுப்பி வந்த ஒலி வேறு. குழாய் மாற்றிய பின் எழுவது வேறு. தயாரிப்பு நிலையில் மோட்டார் சைக்கிள்களுக்கு 2005 முதல் விதிக்கப்பட்ட உச்ச ஒலி, 80 சி.சி. வரை 75 டெசிபல், 175 சி.சி. வரை 77, அதற்கு மேல் 80. டெசிபல் கணக்கில் பத்துக் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. வெறுங்குழாய் மாட்டியவர் கொஞ்சம் சத்தம் கூட்டியதாக நினைக்கிறார். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் காதுக்கு அது கொஞ்சமன்று.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைச்சாலையை வைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். விடுமுறை நாட்களில் வெளியூர் வண்டிகள் கூட்டங்கூட்டமாக வரும் வழி அது. யானைகள் குறுக்கே கடக்கும் காடும் அதுவே. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காப்புக்காடுகளைச் சேர்த்து 2022 நவம்பரில் காவிரி தெற்குக் காட்டுயிர்ச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கும் இந்த வட்டாரத்தில், வெடிச்சத்தம் எழுப்பும் குழாய் மனிதர் உறக்கத்தை மட்டும் கலைப்பதில்லை. இவ்வகை மாற்றத்துக்கு 190ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு போதுமானது: ஒலி, காற்று மாசுத் தரங்களை மீறுவோர்க்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பு. காவலர்கள் பிடித்த சைலன்ஸர்களை வரிசையாக அடுக்கிச் சாலை உருளையை ஏற்றி நசுக்கும் படங்கள் நாட்டின் பல நகரங்களிலிருந்து நாளிதழ்களில் வருகின்றன. பார்க்க நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே குழாயைக் கடைவாசலில் தொங்கவிட்டு விற்பவர் அப்படத்தில் இல்லை. 182ஏ பிரிவு விற்பனையாளரைத் தொடும் இடத்தில், முக்கியப் பாதுகாப்பு உறுப்பு என்று மைய அரசு அறிவித்த பாகங்களைப் பற்றியே பேசுகிறது. வாங்கியவர் குற்றவாளி, விற்றவர் வியாபாரி.

ஆகவே, ஊரை உறங்கவிடாத குழாயும், இரண்டு கேன் பாலைக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொண்டுசேர்க்கும் இரும்புச் சட்டமும் ஒரே சொல்லால், ‘மாற்றம்’ என்ற ஒரே சொல்லால், ஒரே தண்டனையால் குறிக்கப்படுவது தவறு என்பது நம் கருத்து. ஒன்றின் கேட்டை அளந்தறியக் கருவி இருக்கிறது. மற்றொன்றின் பாதுகாப்பையும் அளந்தறியலாம்: சட்டம் ஹேண்டில் பாரைத் திருப்பத் தடையாகிறதா, பின்விளக்கையும் சிக்னல் விளக்கையும் மறைக்கிறதா, எவ்வளவு அகலம் வெளியே நீள்கிறது, சுமையோடு பிரேக் பிடிக்கிறதா. இவற்றைச் சோதிக்க விஞ்ஞானிகள் வேண்டியதில்லை. மோட்டார் வாகன ஆய்வாளரை நம் மக்கள் இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைக்கிறார்கள். அவர் என்ன பார்க்க வேண்டும் என்பது அப்பெயரிலேயே இருக்கிறது.

அரசு தன் கையாலேயே மாற்றிக் கொடுக்கும் வண்டி ஒன்று உண்டு என்பதையும் நினைவூட்ட வேண்டும். இரு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு வழங்கிவரும் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் அது. இரண்டு சக்கர வண்டிக்குப் பக்கச் சக்கரங்கள் சேர்ந்தன. ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியே வந்தனர். வானம் இடிந்து விழவில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இதைச் சட்டத்துக்குள்ளேயே கொணர்ந்தது. உடற்குறை உள்ளவர் பயன்பாட்டுக்காகத் தம் வண்டியை மாற்றிக்கொண்டு, பின்னர் பதிவு அலுவலரின் இசைவைப் பெறலாம் என்று 52ஆம் பிரிவில் புதிய உட்பிரிவு வந்தது. ‘இயலாதோர் வண்டி’ என்று பொருள்பட நின்ற பழைய ஆங்கிலச் சொல் நீக்கப்பட்டு, ‘தகவமைத்த வண்டி’ என்று பொருள்படும் சொல் இடப்பட்டது. மொழியில் அக்கறை கொண்டவர்களாகிய நாம் இந்த மாற்றத்தைப் பாராட்டாமல் கடந்துபோக முடியாது. முதற்சொல் மனிதரின் குறையைச் சுட்டியது. இரண்டாவது வண்டியின் குணத்தைச் சுட்டுகிறது.

அதே திருத்தம் இன்னொன்றையும் செய்தது. மாற்றங்களுக்கான அளவுகள், இசைவு நிபந்தனைகள் ஆகியவற்றை மைய அரசு விதிகளாக வகுக்கலாம் என்று ஒரு வரம்புரையைச் சேர்த்தது. 2000இல் அடைத்த வாசலின் தாழ் 2019இல் விலக்கப்பட்டிருக்கிறது. யாரும் இன்னும் அழுத்தித் தள்ளவில்லை. தள்ளியதாகச் சொல்லத்தக்க ஒரு சிறு முயற்சி 2020இல் வந்த விதித்திருத்தம். மோட்டார் சைக்கிளின் பின்னால் இலேசான பெட்டி ஒன்றைப் பொருத்தலாம், அதன் நீளம் 550 மில்லிமீட்டர், அகலம் 510, உயரம் 500க்கு மிகலாகாது, பின்னிருக்கையில் அதை வைத்தால் ஓட்டுநர் மட்டுமே செல்லலாம் என்றது அது. நகரத்தில் உணவுப் பொட்டலம் சுமந்து திரியும் இளைஞர்களை மனத்தில் கொண்டு எழுதியது என்றே தோன்றுகிறது. அவர்களுக்கு அது நல்லதே. நாற்பது லிட்டர் பால் கேன் இந்தப் பெட்டிக்குள் அடங்காது. கட்லா மீன் அடுக்கிய ஐஸ் பெட்டியும் அடங்காது. நகரத்தின் சுமைக்கு மில்லிமீட்டர் கணக்கில் விதி எழுத முடிந்தவர்களால் கிராமத்தின் சுமைக்கும் எழுத முடியும்.

ஜெர்மனியில் மாற்றம் செய்த வண்டியைத் தகுதிபெற்ற பொறியாளர் சோதித்து, மாற்றத்தை வண்டியின் ஆவணத்திலேயே பதிந்து தருகிறார். பிரிட்டனில் தனி வண்டிகளைத் தனித்தனியே சோதித்து ஏற்கும் முறை மோட்டார் சைக்கிளுக்கும் உண்டு. நம் நாட்டில் ஒவ்வொரு வண்டியையும் அவ்விதம் சோதிக்க ஆளும் இடமும் போதா என்பது நியாயமான மறுப்பு. அதனால்தான் நாம் கேட்பது அதைவிட எளியது. பால், மீன், தண்ணீர், மூட்டை ஆகிய நான்குக்கும் நான்கு மாதிரிச் சட்டங்களை அரசே வரைந்து வெளியிடட்டும். எந்தத் தடிமன் குழாய், எவ்வளவு அகலம், எத்தனை கிலோ, எந்த இடத்தில் திருகு, எங்கே பிரதிபலிப்புப் பட்டை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஊர்ப் பட்டறைக்காரர் அந்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு செய்து தருவார். மாதம் ஒரு நாள் ஏரியூர் ஒன்றியத்தில் முகாம் போட்டு, ஆய்வாளர் பார்த்துப் பதிவுச் சான்றில் ஏற்றிவிடலாம். தருமபுரி அலுவலகத்துக்கு ஒரு நாள் கூலியை இழந்து போகச் சொல்வது இசைவை மறுப்பதற்குச் சமம்.

கையூட்டுக்கு இன்னொரு மேசை போடுகிறீர்கள் என்று சிலர் சொல்லக்கூடும். சொல்பவர்களுக்கு அனுபவம் இருக்கும்; மறுக்கவில்லை. ஆனால் இசைவே கிடையாது என்ற இன்றைய நிலையில் அந்த மேசை இல்லாமலா இருக்கிறது? அது சாலையோரத்தில், ரசீது இல்லாமல் இருக்கிறது. வரைபடம் அச்சில் வந்துவிட்டால் ஆய்வாளர் தம் விருப்பப்படி மறுப்பதற்கு இடம் குறையும். பழைய பிரிவின் ஏழு நாள் வாசகத்தையும் அப்படியே திரும்பக் கொண்டுவந்தால், பதில் எழுதாமல் இழுத்தடிப்பவரின் மௌனமே இசைவாகிவிடும்.